துவைக்காத போர்வை

தித்திலியா தன் தம்பி பெண்டாட்டியை ஒரு வாய் கேலி பேசாமல் வுனிதிவி என்ற தீவுக் கிராமத்தில் பொழுது விடிந்ததில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சீமைப்பலா மரம்தான். கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிடும்.

"ஏட்டி மகெரேதா, இன்னைக்காவது என் தம்பிக்கு வெந்த கிழங்கு கிடைக்குமா, இல்ல நேத்து மாதிரி கல்லைத்தான் கடிக்கணுமா?"

"உங்க தம்பிக்குக் கல்லும் பஞ்சுதான் மைனி. உங்க சமையலைத் தின்னு வளர்ந்த பல்லுல்லா!"

அந்தத் தீவில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருத்திக்கொருத்தி மைனி, மைனிமாருக்கு அது உரிமை. ஒருத்தி அடுப்பிலிருந்து இன்னொருத்தி கேட்காமல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். இழவு வீட்டில்கூட, அழுது ஓய்ந்தவளை ஒரு நொடியாவது சிரிக்க வைப்பது மைனியின் கடமை. மைனி மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும்.

தித்திலியாவின் புருஷன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். வருஷத்துக்கு இரண்டு தடவை முகம் காட்டுவான். இருந்தது ஒரே மகள் லோசனா, ஏழு வயது. மாமன் இசோவாவின் வீடு அவளுக்குத் தாய் வீட்டுக்கும் மேலே. மாமன் வீட்டுப் பரணில் இருக்கும் வாழைக்குலையை அவள் கேட்டு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவளுக்கு வேண்டியது வாழைப்பழமல்ல. மகெரேதாவின் பத்து மாதக் குழந்தை எபேலி. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து அவனை இடுப்பில் தூக்கி வைத்தால் விளக்கேற்றும் வரை இறக்கமாட்டாள்.

முதலில் சொறிந்தது எபேலிதான். உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் சின்னச் சின்னக் கொப்புளம். பிறகு அக்குளில், தொப்புளைச் சுற்றி. பகலில் கொஞ்சம் பொறுத்துக்கொள்வான், படுக்கப் போட்டால் வீறிடுவான். அந்த மாதம் படகில் வந்த நர்ஸ் செனிமிலி அவன் காலைத் திருப்பிப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

"இது சொறி மகெரேதா. வெட்கப்பட ஒண்ணுமில்ல, அழுக்கால வர்றதும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி, தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை போடும். ஒண்ணாப் படுத்தா, தூக்கி வச்சா, ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குப் போகும். இந்தக் களிம்பு ஆளுக்கு ரெண்டு டியூப். சாயங்காலம் கழுத்துலேருந்து உள்ளங்கால் வரைக்கும் தடவணும். விரலிடுக்கு, நகத்தடி எதையும் விடக் கூடாது. குழந்தைக்குத் தலையிலயும் போடு, கண்ணு வாயி பக்கம் வேண்டாம். காலைல குளிச்சுக்கலாம். அடுத்த வாரம் இன்னொரு தரம். கேட்டியா, அரிக்குறவங்க மட்டும் இல்ல, எல்லாரும். ஒரே நாள்ல."

"அரிக்காதவங்களுமா?"

"அரிக்காதவங்களும்தான். பூச்சி ஏறி ஒரு மாசம் வரைக்கும் சிலபேருக்கு அரிக்கவே அரிக்காது. அதுதான் அதோட தந்திரம்."

போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள். "சொறிஞ்சு புண்ணாகி சீழ் பிடிச்சா சும்மா இருக்காத. அந்தப் புண்ணு உள்ள போயி சிறுநீரகத்தைத் தாக்கும். காலைல எந்திரிக்கும்போது பிள்ளைக்கு முகம் வீங்கியிருந்தாலோ, மூத்திரம் தேத்தண்ணி நிறத்துல போனாலோ, படகு எங்க கிடைக்குதோ அதுல ஏறிரு. எனக்காகக் காத்திருக்காத. நீதான் இந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் எடுத்துச் சொல்லணும்."

சொல்கிறேன் என்று மகெரேதா தலையாட்டினாள்.

அன்று தித்திலியாவும் மகளும் அடுத்த தீவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். நர்ஸ் கிளம்பிய பிறகுதான் வந்து இறங்கினார்கள். வந்த கையோடு தித்திலியா வாசலில் நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"என்னட்டி, வீடே ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது?"

மகெரேதா விவரம் சொன்னாள். தித்திலியாவின் கேலி அடங்கியது. லோசனாவின் கையைப் பிடித்துச் சட்டையை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்த பொட்டுகள். "கல்யாணப் பந்தியில உக்காந்து சொறிஞ்சுக்கிட்டே இருக்கா. கொசுன்னு நெனச்சேன்."

மகெரேதா யோசிக்கவில்லை. தன் பங்கான இரண்டு டியூபையும் எடுத்து நீட்டினாள். "எனக்கு அரிக்கவே இல்ல மைனி. பிள்ளைக்குப் போடுங்க."

தித்திலியா இரண்டையும் பிள்ளைக்கே போட்டாள். தனக்கென்று ஒரு சொட்டு எடுக்கவில்லை. எந்தத் தாய்தான் எடுப்பாள்? சட்டியில் கடைசித் துண்டு மீன் மிஞ்சினால் எனக்குப் பசியில்லை என்று சொல்லிப் பழகியவர்கள் இருவரும். தன் பங்கைத் தள்ளிவைப்பதே அன்பு என்று ஆண்டாண்டாகக் கற்றவர்கள். அந்த அன்பு பெரியதுதான். ஆனால் அந்த ஒரு நாள், தன்னையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதே பிள்ளைக்குச் செய்யும் அன்பாக இருந்தது. அது இருவருக்கும் தெரியவில்லை.

எபேலி தூங்க ஆரம்பித்தான். லோசனாவின் கை ஆறியது. இரண்டு வீட்டுக் கொடியிலும் போர்வைகள் வெயிலில் ஆடின. மறுபடியும் சீமைப்பலா மரத்தைத் தாண்டிக் கேலி பறந்தது.

ஐந்து வாரம் போனது. அந்த மாதம் கடல் கொந்தளித்ததால் நர்ஸின் படகு வரவில்லை. எபேலி மறுபடியும் வீறிட ஆரம்பித்தான்.

ஐந்து நாள் மகெரேதா கண் மூடவில்லை. மடியில் போட்டு ஆட்டி, தோளில் போட்டுத் தட்டி, கன்னத்தோடு கன்னம் வைத்து அணைத்து, அவளுக்குத் தலை சுற்றியது. அவள் மணிக்கட்டும் விரலிடுக்கும்கூட அரித்தன. அதற்கு அவள் காரணம் தேடவில்லை. அந்த வாரம் வேதக்கோயில் விருந்துக்குக் கூடை கூடையாகச் சேப்பங்கிழங்கு சீவியிருந்தாள். சேப்பங்கிழங்கு சீவிய கை அரிக்காமல் என்ன செய்யும்? அந்தத் தீவில் அரிக்காத கையுள்ள பெண் உண்டா?

சனிக்கிழமை பெண்கள் எல்லோரும் கோயிலைக் கூட்டிப் பாய் விரித்துக்கொண்டிருந்தார்கள். லோசனா ஓடிவந்து, பாயில் கிடந்த எபேலியைத் தூக்கக் குனிந்தாள். அவள் முழங்காலில் இரண்டு புண். காய்ந்த சீழ் மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"தொடாதே!" என்று மகெரேதா கத்தினாள்.

துடைப்பங்கள் நின்றன.

"உன்னாலதான் அவனுக்குத் திரும்ப வந்துது. போ! இனிமே என் வீட்டுப்படி ஏறாத!" பிறகு தித்திலியாவைப் பார்த்து, "என் மருந்தையே எடுத்துக் குடுத்தேனே மைனி. பிள்ளையை ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள்.

கோயிலுக்குள், அத்தனை பேர் முன்னால். மாமன் வீட்டுப்படி ஏறாதே என்று ஒரு மருமகளிடம் சொல்வது அந்த ஊர் கேட்டறியாத சொல். லோசனா நீட்டிய கைகளை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள். தித்திலியா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். மகளின் தோளைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.

மறுநாள் காலை மகெரேதா கதவைத் திறந்தாள். தித்திலியா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"காலை வணக்கம். நல்லா இருக்கீங்களா?" என்றாள் தித்திலியா.

அவ்வளவுதான். கல்லும் இல்லை, கிழங்கும் இல்லை. மகெரேதா கதவை மறுபடி சாத்தினாள். வீட்டுக்குள் வந்து வெகுநேரம் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு எப்போதோ எரிந்துவிட்டிருந்தது.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்," என்றான் இசோவா. "அக்கா கோவக்காரிதான், மனசு கெட்டவ இல்ல."

"பிள்ளைக்கு ஆறட்டும். அப்புறம் போறேன்."

லோசனா படியேறவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சீமைப்பலா மரத்தடியில் நிற்பாள். ஜன்னல் வழியே எபேலியைப் பார்த்து முகத்தை மறைத்துக் காட்டி விளையாடுவாள். அவன் கெக்கலித்துக் கைநீட்டுவான். அவள் மட்டும் கையை நீட்டமாட்டாள். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கட்டியே இருக்கும். மகெரேதா பார்த்தாள். கூப்பிடலாமா என்று ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் அடுத்த நாளைக்குத் தள்ளினாள்.

அப்படி மூன்று வாரம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முரசு கொட்டியதும் ஊர் வெள்ளை உடுத்திக் கிளம்பியது. லோசனா தாயோடு முன் பாயில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த லுசியானா அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அடடா, பிள்ளை எப்படி உருண்டு போயிட்டா! தித்திலியா, என்னத்தைப் போட்டு வளக்குற? போன மாசம் நெத்திலி மாதிரி இருந்தாளே."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஊரில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி இல்லை. பல நாளைக்குப் பிறகு தித்திலியாவின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. லோசனா திரும்பி அத்தை மகெரேதாவைப் பார்த்தாள். பிள்ளையின் கண்ணுக்குக் கீழே தோல் ஊதி, கண் இரண்டும் சிறுத்திருந்தன.

மகெரேதாவின் நெஞ்சில் ஏதோ தட்டியது. முகம் வீங்கியிருந்தாலோ. தேத்தண்ணி நிறத்தில். நர்ஸின் குரல். பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தாள். எல்லோரும் பிள்ளை தேறியிருக்கிறாள் என்கிறார்கள். எனக்கென்ன தெரியும் என்றும் நினைத்தாள். ஆராதனை முடிந்ததும் கேட்டுவிடலாம் என்று எழுந்தாள். வாசலில் தித்திலியா எதிரே வந்தாள்.

"மைனி..."

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்," என்றாள் தித்திலியா, நேரே பார்க்காமல். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

பத்தடி ஓடினால் பிடித்திருக்கலாம். பிள்ளையின் கணுக்காலில் விரலை வைத்து, வீக்கமா என்று அழுத்திப் பார்த்திருக்கலாம். மகெரேதா ஓடவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள். நாம் செய்த பாவங்களை எண்ணி வருந்துகிறோம். நாளைக்கு என்று தள்ளிவைத்த நன்மைகளை யார் எண்ணுகிறார்கள்?

திங்கட்கிழமையும் போனது. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தித்திலியாவின் அலறல் கேட்டது. லோசனாவுக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி வாயைத் திறந்து திறந்து மூடினாள். இசோவா படகை இறக்கினான். அலை மூன்றாள் உயரத்துக்கு எழுந்தது. பெரிய ஆஸ்பத்திரி இருந்த லெவுக்காவுக்கு இரண்டு மணி நேரத்தில் போகிற படகு அன்று ஐந்து மணி நேரம் எடுத்தது. ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததையெல்லாம் செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை லோசனா பாயில் சுற்றப்பட்டு அதே படகில் திரும்பி வந்தாள். நர்ஸ் செனிமிலியும் கூட வந்தாள்.

பெண்கள் கோயிலில் பாய்மேல் பாயாக விரித்துப் பிள்ளையைக் கிடத்தினார்கள். ஒவ்வொருத்தியாகக் குனிந்து நெற்றியில் முத்தமிட்டார்கள். மகெரேதா கடைசியாகக் குனிந்தாள். பிள்ளையின் கைகள் நெஞ்சின்மேல் முன்பக்கமாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வெடித்தது.

தித்திலியா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு மைனி வந்து கேலி பேச வேண்டிய நேரம் அது. யாரும் பேசவில்லை, அது யாருடைய இடம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அடக்கம் முடிந்து, சமையல் கொட்டகையில் மகெரேதா சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். இடையிடையே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்க வந்த நர்ஸ் அந்தக் கையைப் பிடித்தாள். வெளிச்சத்தில் திருப்பினாள். விரலிடுக்கில் நூல் இழைபோல் சாம்பல் நிறக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின் முனையிலும் ஒரு சின்னப் பொட்டு.

"எத்தனை நாளா?"

"கிழங்கு அரிப்பு நர்ஸம்மா. ஒரு மாசமா வேலை ஜாஸ்தி..."

"கிழங்கு அரிப்பு ஒரு நாள்ல போயிரும் மகெரேதா. உனக்குக் குடுத்த மருந்தைத் தடவுனியா?"

மகெரேதாவின் கையிலிருந்த கத்தி மடியில் விழுந்தது. எபேலியை ஒவ்வொரு நாளும் அணைத்தது யார் கை? கன்னத்தோடு கன்னம் வைத்துத் தட்டிக் கொடுத்தது யார் கை? லோசனா முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்ட கையில் அல்ல, இந்தக் கையில்தான் பூச்சி இருந்திருக்கிறது.

நர்ஸ் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மீதிக் கிழங்கைத் தானே சீவினாள். சீவிக்கொண்டே சொன்னாள்: "லோசனாவுக்கும் அவ அம்மாகிட்டேருந்தே திரும்ப வந்திருக்கும். தித்திலியா கையையும் பார்த்தேன். யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல இது. இந்தத் தடவை ஊர் முழுக்க, ஒரே நாள்ல போட்டுருவோம்."

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள், ஊரைக் கூட்ட நடுப்பகலில் முரசு கொட்டினார்கள். ஊரில் எண்பத்திரண்டு பேர். நர்ஸ் லெவுக்காவிலிருந்து வரவழைத்த களிம்பை எல்லோருக்கும் பிரித்தாயிற்று. ஆற்றங்கரை முழுக்கப் போர்வையும் தலையணை உறையும் அலசுகிற சத்தம். சாயங்காலம் குளித்துவிட்டு, தெய்வபயத்தோடு ஜெபத்துக்கு உட்காருவதுபோல், வீட்டுக்கு வீடு உட்கார்ந்து தடவ வேண்டும்.

தித்திலியா மட்டும் கதவைத் திறக்கவில்லை. நர்ஸ் போய்ப் பேசிப் பார்த்தாள். களிம்பை வாங்கிக்கொண்டாளாம். ஆனால் லோசனாவின் போர்வையைக் கேட்டதும் அதை இறுக்கிச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டாளாம். அதைப் போர்த்திக்கொண்டுதான் ஐந்து நாளாக அவள் படுக்கிறாள்.

"அதைத் துவைச்சா என் பிள்ளை வாசம் போயிரும். நான் அரிச்சே சாகுறேன். விடுங்க," என்றாளாம்.

மகெரேதா நர்ஸிடம் ஒன்று கேட்டாள். நர்ஸ் சொன்ன பதிலைக் கேட்டதும் வீட்டுக்குப் போய், அரிசி வந்த பெரிய பிளாஸ்டிக் பையைத் தேடி எடுத்தாள். கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சீமைப்பலா மரத்தைத் தாண்டினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவை.

கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், முன்பெல்லாம் போவதுபோல. தித்திலியா சுவரோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க..." என்று தொடங்கினாள் தித்திலியா.

"வேண்டாம் மைனி. மரியாதை வேண்டாம்." மகெரேதா எதிரே மண்டியிட்டாள். "நான் சொல்லிர்றேன். கேட்டுட்டு என்னை அடிங்க." விரல்களை விரித்துக் காட்டினாள். "எபேலிக்கு என்கிட்டேருந்துதான் போச்சு. கிழங்கு அரிப்புன்னு நெனச்சேன். பிள்ளை மேல பழியைப் போட்டேன். கோயில்ல வச்சு. அப்புறம்..." அவள் போர்வையைப் பார்த்தாள். "அப்புறம் ஞாயித்துக்கிழமை அவ முகத்தைப் பார்த்தேன். முகம் வீங்குனா உடனே கூட்டிட்டுப் போகணும்னு நர்ஸம்மா எங்கிட்டதான் சொல்லியிருந்தாங்க. எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க. நான் உங்ககிட்ட சொல்லல."

வெளியே எங்கோ ஒரு குழந்தை களிம்பு தடவ விடாமல் கத்தியது. யாரோ அதட்டினார்கள். தித்திலியாவின் கண்ணீர் தாடை வழியாக வழிந்து போர்வையில் விழுந்தது.

"நீ சொல்லியிருந்தாலும் அன்னைக்கு நான் கேட்டிருக்கமாட்டேன்," என்றாள் கடைசியில்.

அது உண்மையா என்று கடவுளுக்குத்தான் தெரியும். எந்தத் தாய் கேட்காமல் இருப்பாள்? ஆனாலும் தன் வீடு எரிந்துபோன நேரத்தில் ஒருத்தி அடுத்தவளுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது போலிருந்தது அந்தச் சொல். மகெரேதா அதைப் புரிந்துகொண்டாள்.

அவள் பையை விரித்தாள். "போர்வையைத் துவைக்க வேண்டாம் மைனி. நான் கேட்டுட்டேன். காத்துப் புகாம இறுக்கக் கட்டி எட்டு நாள் வச்சாப் போதுமாம். உடம்புச் சூடு இல்லாம பூச்சி தானா செத்துப்போயிருமாம். வாசத்துக்கு ஒண்ணும் ஆகாது. அப்படியே இருக்கும்."

தித்திலியா பையைப் பார்த்தாள். போர்வையை முகத்தில் வைத்து ஒரு தடவை மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை. பிறகு நான்காக மடித்தாள். தொட்டிலில் பிள்ளையைக் கிடத்துவதுபோல் பைக்குள் வைத்தாள். மகெரேதா வாயைச் சுருக்கிப் பிடிக்க, தித்திலியா முடிச்சுப் போட்டாள். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு.

பிறகு களிம்பை எடுத்துக் கைகால்களில் தடவிக்கொண்டாள். விரலிடுக்கு, நகத்தடி எதையும் விடவில்லை. தடவி முடித்து டியூபை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். முன்பெல்லாம் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது லோசனா.

"முதுகு எட்டாது," என்றாள் மெதுவாக.

மகெரேதா பின்னால் போய் உட்கார்ந்தாள். தோளிலிருந்து இடுப்பு வரை சொறிந்த கோடுகள். எத்தனை நாளாக இவள் இதோடு கிடந்தாளோ. விரலால் எடுத்து, ஒவ்வொரு கோடாக, வலிக்காமல் தடவினாள். முடிந்ததும் தித்திலியா திரும்பி, "நீயும் திரும்பு," என்றாள். மகெரேதாவின் முதுகில் அவள் கை பட்டது. ஓர் இடம் விடாமல் தடவியது.

எட்டு நாள் அந்தப் பை பரணில் இருந்தது. ஒன்பதாம் நாள் காலை மகெரேதா கதவைத் திறந்தபோது தித்திலியா அவள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பை.

"தனியா அவிழ்க்க மனசு வரல," என்றாள்.

மூன்று முடிச்சையும் இருவருமாக அவிழ்த்தார்கள். தித்திலியா குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. பிறகு போர்வையை மகெரேதாவிடம் நீட்டினாள். தேங்காயெண்ணெய், மரத்தடி மண், பள்ளிக்கூடத்துச் சுண்ணக்கட்டி. பிள்ளை அங்கேதான் இருந்தாள்.

எபேலி தவழ்ந்து வந்து போர்வையின் முனையைப் பிடித்து இழுத்தான். தித்திலியா அவனைத் தூக்கிப் போர்வையோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தாள். தோல் ஆறி, புதிதாக இளஞ்சிவப்பாக இருந்தது.

உள்ளே அடுப்பில் ஏதோ தீயும் வாசம் வந்தது. மகெரேதா எழுந்திருக்கவில்லை.

"ஏட்டி," என்றாள் தித்திலியா, கண்ணைத் துடைக்காமலே. "கிழங்கு கருகுது. என் தம்பிக்கு இன்னைக்கும் கரிதானா?"

மகெரேதா பதிலுக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். மைனிக்குப் பதில் சொல்லாமல் விடக் கூடாது. ஆனால் மைனியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தித்திலியா ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி, மற்றக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். சீமைப்பலா மரத்தடியில் யாரும் இல்லை. எபேலி மட்டும் அந்தப் பக்கம் பார்த்துக் கைநீட்டினான்.